நெருக்கடிக்கு உடலை ஆயத்தம் செய்யும் ஹார்மோன்கள்: ‘மன அழுத்த ஹார்மோன்’ என்னும் சொல்லாட்சியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

அட்ரினலின், கார்ட்டிசோல் ஆகிய ஹார்மோன்கள் தமிழ் இதழ்களிலும் நலவாழ்வு நூல்களிலும் ‘மன அழுத்த ஹார்மோன்கள்’ என வழங்கப்படுகின்றன. இவை மனக்கவலையின் விளைவாக மட்டும் சுரப்பவை அல்ல. குருதியிழப்பு, காய்ச்சல், அறுவை, பட்டினி, கடுங்குளிர் என உடலுக்கு நேரும் எவ்வகை இடரிலும் சுரந்து உயிரைக் காப்பவை. இவற்றின் செயல்முறை நொடிகளில் எழும் முதல் அலை, நிமிடங்களில் எழும் இரண்டாம் அலை என இரு நிலைகளில் நிகழ்வதை இக்கட்டுரை விளக்குகிறது. இரண்டாம் அலையின் பணி உடலை ஊக்குவது மட்டுமன்று, முதல் எதிர்வினைகள் எல்லை மீறாமல் தடுப்பதும் ஆகும் என்பதை நிறுவுகிறது. அதன்வழி ‘மன அழுத்தம்’ என்னும் பெயர்ப்பின் போதாமையையும் அதனால் விளையக்கூடிய நடைமுறைத் தீங்கையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்

அட்ரினல் சுரப்பி, அட்ரினலின், கார்ட்டிசோல், நெருக்கீடு, தகைவு, கலைச்சொல்லாக்கம், அறிவியல் தமிழ்.

முன்னுரை

அந்திப்பொழுதில் வயல் வரப்பில் நடந்து செல்லும் ஒருவர் தம் காலடிக்கு அருகில் பாம்பு ஒன்றைக் காண்கிறார். அது பாம்புதான் என மனம் தெளிவதற்குள் கால் பின்வாங்கிவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இது யாவரும் அறிந்த அனுபவம்.

மற்றொருவர் மயக்க மருந்தின் பிடியில் அறுவை மேசையில் கிடக்கிறார். அவருக்கு அச்சம் இல்லை, கவலை இல்லை, தம்மைச் சுற்றி நிகழ்வது குறித்த உணர்வே இல்லை. ஆயினும் அறுவைக் கத்தி திசுவைப் பிளக்கத் தொடங்கியதும் அவரது குருதியிலும் பொதுவாக அதே ஹார்மோன்கள் உயர்கின்றன. மனம் உறங்கும்போதும் உடல் தன் இடரை அறிந்து எதிர்வினை புரிகிறது.

இவ்விரு காட்சிகளையும் ஒருசேர நோக்கும்போது ஒரு வினா எழுகிறது. மனம் செயல்படாத நிலையிலும் சுரக்கும் ஒன்றை ‘மன அழுத்த ஹார்மோன்’ என வழங்குவது பொருந்துமா? இவ்வினா பெயர் பற்றியதாகத் தோன்றினும் அதன் விடை உடலியங்கியலில் உள்ளது. எனவே இக்கட்டுரை முதலில் அச்செயல்முறையை விளக்கி, அதன்பின் சொல்லாட்சிக்குத் திரும்புகிறது.

சுரப்பியின் அமைப்பும் அறிதலின் வரலாறும்

ஒவ்வொரு சிறுநீரகத்தின் மேலும் தொப்பிபோல் அமர்ந்திருப்பது அட்ரினல் சுரப்பி. ஒரு சுரப்பியின் எடை ஏறத்தாழ 4 முதல் 5 கிராம் வரை இருக்கும். இது வெளிப்புறத்தில் புறணி, உட்புறத்தில் அகணி என இரு பகுதிகளைக் கொண்டது. இவ்விரண்டும் கருவளர்ச்சியின்போது வெவ்வேறு திசுக்களிலிருந்து தோன்றி ஒன்றாக இணைந்தவை. புறணி கார்ட்டிசோல் முதலிய ஸ்டீராய்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது. நரம்புத் திசுவோடு உறவுடைய அகணி அட்ரினலினையும் சிறிதளவு நார்அட்ரினலினையும் சுரக்கிறது.

இச்சுரப்பியின் இன்றியமையாமை அதன் அழிவிலிருந்தே முதலில் அறியப்பட்டது. இலண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855இல் வெளியிட்ட நூலில், தீராத சோர்வு, தளர்ந்த நாடித்துடிப்பு, வயிற்றுக் கோளாறு, தோல் கருமையடைதல் ஆகிய அறிகுறிகளுடன் இறந்த நோயாளிகளின் அட்ரினல் சுரப்பிகள் சிதைந்திருந்ததைப் பதிவுசெய்தார். மறு ஆண்டில் பிரௌன்-செகார் என்னும் அறிஞர், இச்சுரப்பிகள் நீக்கப்பட்ட விலங்குகள் விரைவில் இறப்பதைக் காட்டினார். 1894இல் ஜார்ஜ் ஆலிவரும் எட்வர்ட் ஷேஃபரும் இச்சுரப்பியின் சாறு குருதி அழுத்தத்தை வெகுவாக உயர்த்துவதைக் கண்டறிந்தனர். 1901இல் ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி டகாமினே அட்ரினலினைப் படிக வடிவில் பிரித்தெடுத்த செய்தியை வெளியிட்டார்.

ஹார்வர்டு பல்கலைக்கழக உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனன் 1915இல் வெளியிட்ட நூலில், வலி, பசி, அச்சம், சினம் ஆகியவற்றின்போது உடலில் தோன்றும் மாற்றங்கள் அனைத்தும் போராடுதற்கோ தப்பியோடுதற்கோ உடலை ஆயத்தம் செய்பவை என விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட நான்கனுள் வலியும் பசியும் உடல்நிலை சார்ந்தவை என்பது கருதத்தக்கது. இத்துறையின் தொடக்க நூலிலேயே மனமும் உடலும் பிரிக்கப்படாமல் ஒருங்கே ஆராயப்பட்டுள்ளன.

முதல் அலை: நொடிகளின் ஆயத்தம்

பாம்பைக் கண்ட மனிதரிடம் மீள்வோம். கண்வழிச் செய்தி மூளையின் அமிக்டலா என்னும் பகுதியை அடைகிறது. அங்கிருந்து எழும் சைகை ஹைப்போதலாமஸ் வழியாகப் பரிவு நரம்பு மண்டலத்தைத் தூண்டுகிறது. இந்நரம்புகள் இதயத்தையும் குருதிக்குழாய்களையும் நேரடியாகத் தூண்டுவதோடு, அட்ரினல் அகணிக்கும் நேரே செல்கின்றன. எனவே அகணி சில நொடிகளில் அட்ரினலினைக் குருதியில் கலக்கிறது. நரம்பு ஓர் உறுப்பைத் தனித்துத் தூண்டும். குருதியில் கலந்த ஹார்மோனோ நரம்பு சென்றடையாத உயிரணுக்களையும் எட்டும். விரைவும் பரவலும் இவ்வாறு ஒருங்கே கிட்டுகின்றன.

இதன் விளைவுகளை ஒரு வரவுசெலவு மாற்றமாகக் காணலாம். இதயம் விரைந்தும் வலிந்தும் துடிக்கிறது. ஓய்வுநிலையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியை வெளியேற்றும் இதயம், கடும் உழைப்பின்போது அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு வெளியேற்ற வல்லது. மூச்சுக்கிளைக் குழாய்கள் விரிகின்றன. கல்லீரல் தன்னிடம் சேமித்துள்ள கிளைகோஜனைக் குளுக்கோசாக மாற்றி விடுவிக்கிறது. கொழுப்புத் திசு கொழுப்பு அமிலங்களை வெளியிடுகிறது. இன்சுலின் சுரப்பு குறைவதால் அந்தக் குளுக்கோஸ் மீண்டும் சேமிப்புக்குச் செல்வது தவிர்க்கப்படுகிறது. குருதி உறையும் தன்மை கூடுகிறது, காயம் நேர்ந்தால் இழப்பு குறைவதற்காக. கண்பாவை விரிகிறது. மறுபுறம், தோலுக்கும் குடலுக்கும் செல்லும் குருதி குறைகிறது, செரிமானம் தாழ்கிறது. வாய் உலர்வதும் முகம் வெளிறுவதும் இச்செலவுக் குறைப்பின் புற அடையாளங்களே.

ஒரே ஹார்மோன் ஓரிடத்தில் குருதிக்குழாயைச் சுருக்கியும் வேறோரிடத்தில் விரித்தும் செயல்படுவது எங்ஙனம்? 1948இல் அமெரிக்க அறிஞர் ரேமண்ட் அல்குவிஸ்ட் இதற்கு விடை கண்டார். உயிரணுக்களின் மேல் ஆல்ஃபா, பீட்டா என இருவகை ஏற்பிகள் உள்ளன என்றும், எவ்வுறுப்பில் எவ்வகை ஏற்பி மிகுந்துள்ளதோ அதற்கேற்ப விளைவு அமையும் என்றும் அவர் முன்மொழிந்தார். ஆக, கட்டளை ஒன்றே. அதற்கு என்ன பொருள் என்பதை ஒவ்வோர் உறுப்பும் தன் ஏற்பியால் முடிவு செய்கிறது.

இந்த அலை விரைவில் அடங்குவது. குருதியில் உள்ள அட்ரினலினின் பாதியளவு இரண்டு மூன்று நிமிடங்களில் அகற்றப்பட்டுவிடுகிறது. பாம்பு வரப்பைக் கடந்து மறைந்தால் சிறிது நேரத்தில் நெஞ்சின் படபடப்பும் ஓய்கிறது. ஆனால் அந்தப் பாம்பு தீண்டியிருந்தால், அல்லது நேர்ந்தது பாம்பன்றிச் சாலை விபத்தும் குருதியிழப்பும் என்றால், நெருக்கடி சில நிமிடங்களில் முடிவதன்று. அதற்கே இரண்டாம் அலை தேவைப்படுகிறது.

இரண்டாம் அலை: மணிக்கணக்கின் ஆயத்தம்

ஹைப்போதலாமஸ் பரிவு நரம்புகளைத் தூண்டும்போதே வேறொரு வழியையும் திறக்கிறது. அது விடுவிக்கும் ஒரு ஹார்மோன் பிட்யூட்டரி சுரப்பியை அடைந்து, ஏ.சி.டி.எச். எனச் சுருங்க வழங்கும் ஹார்மோனை வெளியிடச் செய்கிறது. அது குருதி வழியே அட்ரினல் புறணியை அடைந்து கார்ட்டிசோல் சுரப்பைத் தூண்டுகிறது. மூன்று படிகளைக் கடக்கவேண்டியிருப்பதால் இவ்வழி சற்றே மெதுவானது. இடர் தோன்றி ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்களில் குருதியில் கார்ட்டிசோல் உச்சத்தை எட்டுகிறது. அது பெரும்பாலும் உயிரணுவின் உட்புகுந்து, எந்த மரபணுக்கள் செயல்படவேண்டும் என்பதையே மாற்றுவதால் அதன் விளைவுகள் மணிக்கணக்கில் நீடிக்கின்றன.

கல்லீரலில் உள்ள கிளைகோஜன் ஏறத்தாழ 100 கிராம் அளவினது; உணவின்றி ஒரு நாளைக்குக்கூடப் போதாது. எனவே கார்ட்டிசோல் தசைப் புரதத்தைச் சிதைத்துப் பெறும் அமினோ அமிலங்களிலிருந்து கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் ஆக்குமாறு செய்கிறது. முதல் அலை கையிருப்பைச் செலவிடுகிறது என்றால் இரண்டாம் அலை செலவுக்கான வரவைத் தேடித் தருகிறது.

இரு அலைகளும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதற்கு இரு சான்றுகள் போதும். முதலாவது, புறணியிலிருந்து வடியும் குருதியின் பெரும்பகுதி அகணியின் வழியாகவே செல்கிறது. அதிலுள்ள மிகுந்த கார்ட்டிசோலே, அகணியில் நார்அட்ரினலினை அட்ரினலினாக மாற்றும் நொதியைப் பேணுகிறது. இரண்டாவது, கார்ட்டிசோல் இல்லாத உடலில் அட்ரினலின் குருதிக்குழாய்களைப் போதிய அளவு சுருக்க இயலாது. முதல் அலையின் ஆற்றல் இரண்டாம் அலையின் துணையாலேயே நிலைபெறுகிறது.

தடுத்துக் காக்கும் பணி

கார்ட்டிசோல் உடலை ஊக்குவது என்றால், அது நோய் எதிர்ப்பு ஆற்றலைத் தாழ்த்துவது ஏன் என்னும் வினா நெடுங்காலம் அறிஞர்களை உறுத்தியது. இடர்ப்பொழுதில் எதிர்ப்பாற்றல் கூடவேண்டுமேயன்றிக் குறையலாமா?

1984இல் ஆலன் மங்க்கும் உடன் ஆய்வாளர் இருவரும் இதற்கு விளக்கம் அளித்தனர். காயத்திற்கும் தொற்றுக்கும் எதிராக உடல் எழுப்பும் அழற்சி, கட்டுமீறினால் உடலையே அழிக்கும். கார்ட்டிசோல் அவ்வெதிர்வினையை முடக்குவதற்கன்று, அது எல்லை கடவாமல் நிறுத்துவதற்கே எழுகிறது என்பது அவர்தம் கருத்து. தீயணைப்போர் பாய்ச்சும் நீரால் வீடு சேதமுறாமல் காப்பதுபோன்றது இப்பணி என்னும் ஒப்புமையை நெதர்லாந்து அறிஞர் மாரியஸ் டௌஸ்க் 1951இலேயே கூறியிருந்தார்.

இக்கருத்தின் வலிமையை அண்மைக்காலம் மெய்ப்பித்தது. கார்ட்டிசோலின் செயற்கை உறவான டெக்சாமெத்தசோன், கொரோனா பெருந்தொற்றின்போது இங்கிலாந்தில் நடந்த பெரும் மருத்துவ ஆய்வில் சோதிக்கப்பட்டது. 2020 ஜூனில் அறிவிக்கப்பட்ட அதன் முடிவின்படி, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரிடையே இறப்பு மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் பெற்றோரிடையே ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தன. ஆக்சிஜன் தேவைப்படாதோருக்கு அது பயன் தரவில்லை. அழற்சி எல்லை மீறிய இடத்தில் தடுப்பு உயிர் காத்தது. மீறாத இடத்தில் அத்தடுப்புக்கு வேலை இல்லை.

ஆயத்தம் இல்லாத உடல்

அடிசன் விவரித்த நோய் இன்றும் உள்ளது. அவர் காலத்தில் அதன் முதன்மைக் காரணமாக விளங்கிய காசநோய், அந்நோய் மிகுந்த நாடுகளில் இன்றும் ஒரு காரணமாக உள்ளது. இந்நோயாளிகள் கார்ட்டிசோலுக்கு ஈடான மாத்திரையை நாள்தோறும் உட்கொண்டு இயல்பாக வாழ இயலும். ஆனால் இயல்பான உடல் காய்ச்சலின்போதும் அறுவையின்போதும் தன் கார்ட்டிசோல் சுரப்பைத் தானே உயர்த்திக்கொள்ளும். இவர்கள் உடலால் அது இயலாது. ஆதலால் காய்ச்சல் கண்டால் மாத்திரை அளவை இரண்டு மூன்று மடங்காக உயர்த்தவும், வாந்தியால் மாத்திரை தங்காவிடில் ஊசிமருந்து பெறவும் மருத்துவர்கள் முன்னரே அறிவுறுத்துகின்றனர். தவறினால் எளிய வயிற்றுப்போக்கும் குருதி அழுத்தம் வீழ்ந்து உயிரிழப்பில் முடியலாம்.

இந்நிலை அரிய நோயாளிகளோடு நிற்பதன்று. 1948இல் பிலிப் ஹென்ச் முடக்குவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் அளித்து வியத்தகு பயன் கண்டார். அப்பணிக்காக அவரும் எட்வர்ட் கெண்டலும் டாடியஸ் ரைக்ஸ்டைனும் 1950இல் நோபல் பரிசு பெற்றனர். இரண்டே ஆண்டுகளில், 1952இல், வேறொரு செய்தி மருத்துவ இதழில் வெளிவந்தது. முடக்குவாதத்திற்காகக் கார்ட்டிசோன் உட்கொண்டு வந்த ஒருவர் அறுவைக்குப்பின் மீளா அதிர்ச்சி நிலைக்குச் சென்று இறந்தார். அவருடைய அட்ரினல் புறணி சுருங்கியிருந்தது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டிருந்தமையால் மூளையின் தூண்டல் நின்று, சுரப்பி தன் பணியை விட்டிருந்தது.

ஆஸ்துமா, மூட்டுவாதம், தோல்நோய் ஆகியவற்றிற்காக நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்வோர் அனைவருக்கும் இச்செய்தி உரியது. ஸ்டீராய்டு தீங்கானது எனக் கேள்வியுற்று அதனைத் திடீரென நிறுத்துவோர் நம்மிடையே உளர். சுருங்கிய சுரப்பி மீண்டெழ வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அதனாலேயே மருத்துவர்கள் அளவைப் படிப்படியாகக் குறைக்கின்றனர்.

ஆயத்தம் நீங்காத உடல்

மறுகோடியும் உண்டு. 1932இல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், பிட்யூட்டரி கட்டியால் நேரும் ஒரு நோயை விளக்கினார். அந்நோயில் கார்ட்டிசோல் ஓயாமல் மிகுகிறது. தசை மெலிதல், எலும்பு நலிதல், குருதிச் சர்க்கரை உயர்தல், குருதி அழுத்தம் மிகுதல் ஆகியவை தோன்றுகின்றன. இவை புதிய விளைவுகள் அல்ல. நெருக்கடியில் உயிர் காத்த அதே மாற்றங்கள் முடிவின்றித் தொடர்வதால் நோயாகின்றன. இந்தியாவில் 2021இல் பரவிய கருப்புப் பூஞ்சைத் தொற்றில், கட்டுப்படாத நீரிழிவோடு ஸ்டீராய்டின் முறையற்ற பயன்பாடும் காரணங்களுள் ஒன்றாக மருத்துவர்களால் சுட்டப்பட்டது. நீடித்த மனக்கவலையும் இவ்வமைப்பை மீண்டும் மீண்டும் தூண்டவல்லது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது பல தூண்டல்களுள் ஒன்றேயாகும்.

சொல்லாட்சி: தகைவு, மன அழுத்தம், நெருக்கீடு

இனி முதல் வினாவுக்கு வருவோம். ஹான்ஸ் செல்யே 1936இல் நேச்சர் இதழில் வெளியிட்ட சிறு குறிப்பே இத்துறையின் மற்றொரு தொடக்கம். குளிர், அறுவைக் காயம், மிகை உழைப்பு, மருந்து நஞ்சு எனத் தம்முள் தொடர்பற்ற காரணிகளுக்கு ஆளான எலிகளிடம் ஒரே வகை மாற்றங்கள் தோன்றியதை அவர் கண்டார். அட்ரினல் சுரப்பி பருத்தது, தைமஸ் சுரப்பி சுருங்கியது, இரைப்பையில் புண் தோன்றியது. அவர் தந்த பட்டியலில் உள்ளவை உடலுக்கு நேரும் கேடுகளே.

இவ்வெதிர்வினைக்கு அவர் பின்னர் நிலைபெறச் செய்த ‘ஸ்ட்ரெஸ்’ என்னும் சொல் இயற்பியலிலும் வழங்குவது. தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல்களில் அது ‘தகைவு’ எனப்படுகிறது. புறவிசைக்கு எதிராகப் பொருளின் ஓரலகுப் பரப்பில் உள்ளே எழும் மீட்புவிசையை அது குறிக்கும். ஆனால் அதே சொல் உடலியலுக்கும் உளவியலுக்கும் வந்தபோது தமிழில் ‘மன அழுத்தம்’ ஆயிற்று. மூலத்தில் இல்லாத ‘மனம்’ பெயர்ப்பில் வந்து சேர்ந்தது. மேலும், மனச்சோர்வு என வழங்கவேண்டிய நோயையும் நாளிதழ்கள் ‘மன அழுத்தம்’ என்றே எழுதுவதால் ஒரே தொடர் இரு வேறு பொருள்களைச் சுமக்கிறது. போராடுதல் அல்லது தப்பியோடுதல் என்னும் தொடர், சிலவிடங்களில் ‘பறத்தல்’ எனப் பெயர்க்கப்படுவதும் இவ்வகைக் கவனக்குறைவே.

இதன் விளைவு ஏட்டளவில் நிற்பதில்லை. கார்ட்டிசோல் கவலையால் சுரக்கும் தீய பொருள் எனப் பயின்ற வாசகர், காய்ச்சலின்போது அதன் தேவை கூடும் என்பதை எவ்வாறு உய்த்துணர்வார்? அடிசன் நோயாளியின் குடும்பத்தாரிடம் ‘உடல் நெருக்கடியில் மருந்தளவைக் கூட்டுக’ என்று கூறும் மருத்துவரின் அறிவுரை, ‘மன அழுத்தத்தில் கூட்டுக’ எனப் பெயர்க்கப்பட்டால் பொருளே திரிந்துவிடும்.

இலங்கைத் தமிழ் உளமருத்துவ எழுத்துகளில் ‘நெருக்கீடு’ என்னும் சொல் வழங்குகிறது. நெருக்குதலை உணர்த்தும் இச்சொல் மனத்தையோ உடலையோ முன்கூட்டியே வரையறுப்பதில்லை. தேவையானவிடத்து ‘உள நெருக்கீடு’, ‘உடல் நெருக்கீடு’ எனப் பிரித்தாள இடம் தருகிறது. ‘தகைவு’ துல்லியமானதாயினும் பொதுவாசகர்க்கு அயலானது. எனவே ‘நெருக்கீட்டு ஹார்மோன்கள்’ என்னும் ஆட்சியை இக்கட்டுரை பரிந்துரைக்கிறது. உள்ளம் சார்ந்த தூண்டலை மட்டும் குறிக்கும் இடங்களில் ‘மன அழுத்தம்’ தொடர்வதில் தடையில்லை.

முடிவுரை

நெருக்கீட்டு ஹார்மோன்கள் உடலின் வளங்களை இடருக்கேற்பப் பங்கிட்டுத் தருபவை. அட்ரினலின் நொடிகளில் கையிருப்பைத் திரட்டுகிறது. கார்ட்டிசோல் அதற்கு வலுவூட்டி, வரவைத் தேடி, எதிர்வினைகள் எல்லை மீறாமல் காக்கிறது. அது குறைந்தால் சிறு காய்ச்சலும் உயிரைப் பறிக்கலாம். ஓயாமல் மிகுந்தால் காத்த செயல்களே நோயாகும். இதனை மனத்தின் விளைவாக மட்டும் சுருக்கும் சொல், உடலின் பாதிக் கதையை மறைத்துவிடுகிறது. கலைச்சொல்லாக்கத்தில் ஒரு முன்னொட்டைச் சேர்ப்பதற்குமுன் அதன் பின்னுள்ள செயல்முறையை ஆராய்வது அறிவியல் தமிழில் ஈடுபடுவோர் கடன். மொழித்துறையும் மருத்துவத்துறையும் இணைந்து மருந்துக் குறிப்பேடுகளையும் நோயாளர் கையேடுகளையும் இந்நோக்கில் மீளாய்வு செய்தல் அடுத்துச் செய்யத்தக்க பணியாகும்.